நான் அழாததற்குப் பல்தான் காரணம்

குள்ளஞ்சாவடியில் இருக்கும் மரியாதைக்குரிய அண்ணி விஜயகுமாரி அவர்களுக்கு, நெய்வேலி குவார்ட்டர்சிலிருந்து உங்கள் தம்பி சம்சாரம் செல்லக்கிளி வணங்கி எழுதுவது. தீட்டு வீடு என்பதால் மேலே பிள்ளையார் சுழி போடவில்லை. இங்கு நலம் என்று எழுதவும் கை வரவில்லை. அங்கு நீங்களும் அண்ணனும் நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை, எடுத்தாலும் என்னால் பேச முடியாது. அதனால் இந்தக் கடுதாசியை மகன் வளவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். என் மேல் கோபம் இருந்தாலும் பிள்ளைக்குச் சோறு போட்டு அனுப்புங்கள்.

போன வாரம் ஊர்ப் பொம்பளைகளை வேனில் கூட்டிக்கொண்டு துக்கம் கேட்க வந்தீர்கள். பிளாக் முனையிலேயே எல்லாரும் அழுதுகொண்டு இறங்கினீர்கள். நான் ஓடி வந்து உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். அதுதான் முறை, எனக்கும் தெரியும். நானோ வாசலில் ஒரு பக்கக் கன்னத்தை உப்பிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு, "என் தம்பி போயி ஈரம் காயல, இவ கிராம்பு வெச்சி வெத்தல போட்டுகினு நிக்கிறாளே" என்று சொன்னீர்கள். கருமாதிக்கு இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று வந்த வேனிலேயே ஏறிவிட்டீர்கள். அண்ணி, அது வெத்தலை இல்லை, மருந்து.

நடந்ததைச் சொல்கிறேன். கடைவாய்ப் பல் ரொம்ப நாளாகவே சொத்தை. சாவு எடுத்த பிறகு வலி கூடி, ஒரு பக்கக் கன்னம் இட்லி மாதிரி வீங்கிவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் என்னைக் காட்டி, "பாருடி, அழுது அழுது மூஞ்சே வீங்கிப்போச்சி, புருசன் மேல அவ்ளோ உசுரு" என்று பேசிக்கொண்டார்கள். நல்ல பெயர்தானே என்று நானும் இருந்துவிட்டேன். கடைசியில் கஞ்சி குடிக்கக்கூட வாய் திறக்கவில்லை. பதினாறு முடியாமல் வாசல் தாண்டக்கூடாது என்று தெரிந்துதான், முக்காடு போட்டுக்கொண்டு வளவன் வண்டியில் வடலூருக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. அதே பொம்பளைகள், "அதுக்குள்ள தெளிஞ்சிட்டா பாரு" என்றார்கள்.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு. துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, உறிஞ்சக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள். பக்கத்து வூட்டு சத்யா பாவம், அக்கா ஒண்ணும் சாப்பிடலையே என்று இளநீர் வெட்டி, ஸ்ட்ரா போட்டுக் கொண்டு வந்தாள். ஆசையாகக் கொடுக்கிறதை எப்படி வேண்டாம் என்பது? அடி வரைக்கும் உறிஞ்சிவிட்டேன். குழியில் உறைந்து மூடியிருந்த ரத்தமும் இளநீரோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு வலி வந்தது பாருங்கள், காதுக்குள் ஏறி மண்டைக்குள் போய் நின்றது. திரும்பப் போனால் டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்து, "எலும்பு தெரியுதும்மா, என்ன பண்ணீங்க?" என்கிறாள். இளநீர் என்றேன். "உங்களுக்கு யாரும்மா ஸ்ட்ரா குடுத்தது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். சுரங்கத்தில் தோண்டினால் மண்ணைப் போட்டு மூட வேண்டும் என்று உங்கள் தம்பி சொல்வார். என் வாயில் தோண்டினதை மூடவிடாமல் நானே கெடுத்துக்கொண்டேன். அந்தக் குழியில் கிராம்பு எண்ணெயில் நனைத்த துணியை அடைத்து, வாயைத் திறக்கவே கூடாது என்று அனுப்பினாள். வீட்டுக்கு வந்து உட்காருவதற்குள் உங்கள் வேன் வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பல்லைப் பிடுங்க டோக்கன் போட்டதே உங்கள் தம்பிதான். இரண்டு மாதமாக ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு கிராம்பை நசுக்கி என் பல்லில் வைத்துவிடுவார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னவரை, ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று கூப்பிட்டேன். "மொதல்ல ஒன் பல்லப் பாப்போம்டி, நெஞ்சு எங்க ஓடிப்போவுது" என்றார். டோக்கன் போட்ட நாளைக்கு முந்தின நாள் போய்விட்டார். அதிலிருந்து எனக்கு அழுகையே வரவில்லை, அண்ணி. இதுதான் நிசம்.

ஞாயிற்றுக்கிழமை கருமாதி. அவருக்குக் கூடப்பிறந்தது நீங்கள் ஒருத்தர்தான். நீங்கள் இல்லாமல் படைத்தால் அந்த மனுசன் ஒரு வாய் எடுக்க மாட்டார். கட்டாயம் வர வேண்டும். அன்றைக்குள் ஆறிவிடும். பொம்பளைகள் எல்லார் முன்னாலும் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மூணு பிளாக்குக்குக் கேட்கிற மாதிரி அழுகிறேன். வளவனுக்கும் எனக்கும் உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்.

இப்படிக்கு,
செல்லக்கிளி

பின்குறிப்பு: கிராம்பு வெச்ச கதைய எழுதிட்டு, கடுதாசிய மடிச்சிகினு இருந்தேன். வாயில அதே வாசன. என்ன ஆச்சின்னு தெரியல, சத்யா ஓடி வந்து கதவத் தட்டுற அளவுக்கு அழுதுட்டேன். அடச்சி வெச்ச துணி தெறிச்சி வெளிய வந்துடிச்சி. டாக்டரம்மா திரும்ப அடச்சி, கருமாதி தாண்டுற வரைக்கும் வாயத் தொறந்தா நான் பொறுப்பில்லன்னு சொல்லிட்டா. அதனால மேல எழுதுனது ஒண்ணும் நடக்காது. ஞாயித்துக்கெழம என்னால அழ முடியாது. நீங்க வந்து எனக்கும் சேத்து அழுதுடுங்க அண்ணி. நான் பக்கத்துல உக்காந்து உங்க கையப் புடிச்சிக்கிறேன்.