பயந்த எலிகளின் பரம்பரை

இரண்டு கூண்டு, இரண்டு அட்டை. எந்த அட்டை எந்தக் கூண்டுக்கு என்பதுதான் தெரியவில்லை.

கழுவுவதற்காக அட்டைகளைக் கழற்றி வைத்தவன் அவனேதான். ஒன்றில் 'பயந்தது' என்றும் இன்னொன்றில் 'துணிந்தது' என்றும் எழுதியிருந்தது. பயம் பரம்பரையாக வருகிறதா என்று கண்டுபிடிக்க, ஆராய்ச்சிக்கூடத்து மேடம் பல வருடமாக வளர்த்துவரும் இரண்டு எலிக் குடும்பங்கள். அவற்றின் கூண்டைக் கழுவத்தான் அவன் கடல் தாண்டி வந்திருந்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த வாரம் மேடம் கையெழுத்துப் போட்டால் இருக்கலாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எலிகளைக் கூர்ந்து பார்த்தான். எல்லாம் ஒரே வெள்ளை. அவையும் அவனைக் கூர்ந்து பார்த்தன.

அப்பாவுக்கு போன் போட்டான். விஷயத்தைக் கேட்டதும் அப்பா, அங்கே தன் வீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து ரகசியக் குரலில் பேசினார்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்லப்பா."

"அப்ப வாயே திறக்காத. நீயே சத்தமில்லாம சரி பண்ணிடு."

சரி பண்ண ஒரு வழி இருந்தது. மேடம் செய்து பார்த்திருக்கிறான். பெரிய திறந்த பெட்டியில் எலியை விட வேண்டும். துணிந்த எலி நடுவில் உலாவும். பயந்த எலி சுவரோரம் ஒண்டும்.

கூண்டுக்கு ஒன்றாகத் தூக்கினான். தூக்கும்போதே கை வெடவெடவென்று ஆடியது. இரண்டும் சுவரில் போய் ஒட்டிக்கொண்டன. வேறு இரண்டைத் தூக்கினான். ஒன்று அவன் உள்ளங்கையிலேயே ஈரம் பண்ணிவிட்டு, பிறகு சுவரில் ஒட்டியது.

ஒப்பிட்டுப் பார்க்க, சந்தேகமில்லாத துணிந்த எலி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. பக்கத்து அலமாரியிலிருந்து, 'துணிந்தது' என்று அட்டை மாட்டிய இரண்டு கூண்டுகளை இறக்கினான். அந்த வீரர்களும் சுவரோரமே ஒண்டினார்கள். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ கதவைச் சாத்தினார்கள். அவ்வளவுதான். பெட்டியிலிருந்த அத்தனையையும் அள்ளி, கைக்கு எட்டிய கூண்டில் போட்டான்.

மூச்சு வந்தபோது நான்கு கூண்டும் கலந்திருந்தன.

மறுபடியும் அப்பா. "அவங்களா துரத்துறதுக்கு முன்னாடி நீயா எழுதிக் கொடுத்துட்டு வந்துடு. உன் மேல தப்பில்லடா. நம்ம ரத்தத்துலயே தைரியம் கிடையாது."

மேடம் இத்தனை வருடமாகத் தேடும் முடிவை அப்பா ஒரே போனில் சொல்லிவிட்டாரே என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மேடத்தின் முன்னால் நின்று, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவர் எழுந்து வந்து ஓர் எலியின் காதைத் திருப்பி, அதில் குத்தியிருந்த சிறு ஓட்டைகளைக் காட்டினார்.

"இந்த ஓட்டைங்களைப் பாத்தா எது எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சிடும். முதல் நாளே சொன்னேனே?"

சொன்னார்தான். அன்றைக்கு எலியைக் கையில் கொடுத்ததும் அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

கூண்டுகளைப் பிரித்து முடித்ததும், "துணிஞ்ச எலி கூடவா சுவத்துல ஒட்டுச்சு?" என்று மேடம் கேட்டார். குரலில் கோபம் இல்லை. அவனையே ஒன்றைத் தூக்கிப் பெட்டியில் விடச் சொன்னார், ஒட்டியது. சற்று ஆறவிட்டு அதே எலியை மேடமே தூக்கி விட்டார். அது மகாராஜா மாதிரி நடுவில் போய் உட்கார்ந்து மீசையைத் துடைத்தது.

"பயம் பிறப்புல வந்ததுன்னு நான் பாதிக் கணக்குதான் போட்டிருக்கேன். உன் நடுங்குற கையிலேருந்தும் ஒட்டுது. நீ தூக்கினா எப்படி, நான் தூக்கினா எப்படின்னு ரெண்டையும் பாக்கணும். எங்கயும் போயிடாத."

கையெழுத்தும் போட்டுவிட்டார். திறமைக்காக வேலை நிரந்தரமானவர்களை அவன் கேள்விப்பட்டிருக்கிறான். நடுங்கியதற்காக நிரந்தரமானவன் அவன் ஒருவன்தான்.

சாயங்காலம் வீடியோ காலில் வீட்டுக்குச் செய்தி சொன்னான். கையெழுத்தில் ஏதாவது வில்லங்கம் இருக்குமோ என்று அப்பா கவலைப்பட்டார். அவனுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

"எல்லாம் உங்க புண்ணியம்ப்பா. உங்க ரத்தம்தான் எனக்குச் சோறு போடுது."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"கல்யாணம் ஆனப்ப ரெண்டு கையையும் விட்டுட்டு பைக் ஓட்டின மனுஷன்டா அவரு. நீ பொறந்ததும் உன்னைத் தூக்கி அவர் கையில கொடுத்தாங்க பாரு, அன்னிக்கு ஆரம்பிச்சது இந்த நடுக்கம். அவர்கிட்டேருந்து உனக்கு வரல, உன்கிட்டேருந்துதான் அவருக்கு வந்துச்சு."