மெடல் பத்தர்

பினாங்கில் நகை செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் வாங்கிய வெள்ளி மெடலை உருக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த தட்டார் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் குயின் தெரு மெடல் பத்தர். அவருடைய பட்டறைக்கு மேல் மாடியில்தான் நான் குடியிருந்தேன்.

பெரிய யுத்தம் முடிந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. ரப்பர் விலை விழுந்து ஊரே வாடிக் கிடந்தது. சண்டைக்குப் போய் வந்த பழைய சிப்பாய்கள், சர்க்கார் கொடுத்த வெள்ளி மெடல்களை வயிற்றுப்பாட்டுக்கு விற்றார்கள். மற்ற பத்தர்கள் அவற்றை உருக்கிக் கொலுசாக்கினார்கள். எங்கள் ஆளோ மெடலின் விளிம்பைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே சிப்பாயின் பெயர் பொறித்திருக்கும். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். கேட்டதும் மெடலைப் பஞ்சில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுவார்.

"பேரு இருக்குல்ல தம்பி. ஆளை எப்படி அடுப்புல போடுறது?"

அவர் மனைவி அஞ்சலை அக்கா என்னிடம் புலம்புவார்: "ஊருக்கெல்லாம் கொலுசு செய்றாரு, என் காலு மொட்டையா கெடக்கு. வெள்ளி கேட்டா, அலமாரியில பட்டாளம் தூங்குது, எழுப்பாதேங்குறாரு."

நவம்பரில்தான் வேடிக்கை. யுத்தத்தில் செத்தவர்களை நினைத்து, பழைய சிப்பாய்கள் கடற்கரைத் திடலில் அணிவகுத்து நிற்பார்கள். அதற்கு முதல் நாள், மெடலை விற்றவர்களெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, தங்கள் மெடலைத் தாங்களே இரவல் கேட்பார்கள். பத்தர் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். "பத்திரம்லா. நீ கீழ விழுந்தாலும் இது விழக்கூடாது" என்று அதட்டியும் அனுப்புவார்.

எப்போதும் முதலில் வருபவர் ஒரு சீக்கியக் கிழவர், துறைமுகக் கிடங்கின் காவல்காரர். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய். அதிலேயே மணிக்கணக்காக மூட்டுவலியைப் பற்றிப் பேசுவார்கள்.

ஒரு வருஷம் கிழவர் வரவில்லை. மறுநாள் காலையில் பத்தர் மெடலை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு நடந்தார். நானும் போனேன். வாசலில் கிழவரின் கயிற்றுக் கட்டில் சுவரோடு நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"அவரு போயிட்டாருலா. முந்தாநாளே எரிச்சாச்சு. சொந்தம்னு யாரும் வரல" என்றார் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி.

பத்தர் மெடலைச் சுற்றியிருந்த பஞ்சைப் பிரித்தார். மெடலைத் தன் சட்டையில் குத்திக்கொண்டார். நேரே திடலுக்குப் போய், சிப்பாய்களின் வரிசையில், கிழவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றார். வேட்டி, தொப்பை, காதில் கடுக்கன்.

வெள்ளைக்கார சார்ஜன் ஒருவர் வந்து மலாயில் கேட்டார், எந்தப் பட்டாளம் என்று.

"குயின் ஸ்திரீட்" என்றார் பத்தர்.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற சிப்பாய், "எங்க ஆளுதான் துவான்" என்றார் மலாயிலேயே. சார்ஜன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார். கொம்பு ஊதினார்கள். திடல் முழுவதும் அமைதியானது.

திரும்பி வரும்போது பத்தர் கேட்டார்: "தம்பி, நான் அங்க நின்னது தப்பா?"

"இல்லண்ணே."

கடைத்தெருவில் கூட்டம் நெரித்தது. அவர் எங்கேயோ பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை விடவில்லை.