கும்பிட்ட ஃபோர்க்லிஃப்ட்

டைல்ஸ் கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று கும்பிடுகிறது என்ற செய்தி பரவியதும், அக்கம்பக்கத்துக் கிடங்குகளில் பாதிப் பேருக்கு வேலை ஓடவில்லை.

சும்மா கும்பிடவில்லை. என்ஜினை அணைத்து, சாவியை முதலாளியின் சட்டைப்பையில் போட்ட பிறகு கும்பிட்டது. இருக்கையில் ஆள் இல்லை. நாடி ஐயா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மணியை ஆட்டி முணுமுணுக்கத் தொடங்குவார். உயரத் தூக்கி நிறுத்திய இரண்டு இரும்புக் கைகளும், புது மருமகள் மாமியார் முன்னால் தலை குனிவதுபோல, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிளந்த வாயோடு காணிக்கையும் போட்டார்கள்.

நாடி ஐயா இயந்திரங்களுக்கு நாடி பார்ப்பவர். டாக்டர் கழுத்தில் தொங்கும் அதே கருவியை என்ஜினில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "இதுக்கு மனசு சரியில்ல" என்பார். "ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேத்துங்க. சூடு ஏறினாத்தான் உயிர் வரும்" என்பார். சூடு ஏறியதும் உயிர் வரும். உயிர் வந்ததும் கும்பிடும்.

கும்பிடும்போது வண்டி அழவும் செய்தது. தூக்கும் கம்பத்தின் ஓரமாக எண்ணெய் கசிந்து சொட்டியது. அது இயந்திரத்தின் ஆனந்தக் கண்ணீராம். ஐயாவின் உதவியாளர் அதைச் சின்னச் சின்னப் புட்டிகளில் பிடித்துக் கொடுத்தார். லாரி ஓட்டுநர் ஒருவர் அதை முட்டியில் தேய்த்தார். பக்கத்துக் கிடங்குக் கணக்காளர் வழுக்கைத் தலையில் தேய்த்தார். முட்டி வலி போனதோ இல்லையோ, முட்டி பளபளத்தது. தலை ஏற்கெனவே பளபளத்துக்கொண்டுதான் இருந்தது.

பக்தி முற்றியவர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். தூக்கி நிறுத்திய இரும்புக் கைகளுக்குக் கீழே வரிசையாகத் தலை குனிந்து நின்றார்கள். இரும்பு இறங்கி வந்து உச்சந்தலையைத் தொடும். தொட்டதும் புல்லரித்து விலகிவிட வேண்டும். அதுதான் ஆசி.

கிடங்கில் இதைப் பார்த்துப் புல்லரிக்காத ஆள் ஒருத்திதான். பாதுகாப்பு அதிகாரி. இன்சூரன்ஸ்காரர்கள் வற்புறுத்தியதால் முதலாளி வேண்டா வெறுப்பாக வைத்துக்கொண்ட பெண். "பெல்ட் போட்டியா? ஹாரன் அடிச்சியா? பிரேக் பார்த்தியா?" என்று வாய் ஓயாமல் கேட்டுக் கேட்டு, அவளுக்கு 'சீட்பெல்ட் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அக்கா கடவுள் இல்லை என்பவள் அல்ல. காலையில் கண்ணை மூடி நின்று ஒன்றே ஒன்று கேட்பாள்: "இன்னைக்கு யாருக்கும் அடிபடக் கூடாது." கேட்டுவிட்டு நேரே கிடங்குக்கு வந்து, ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும் சங்கிலியையும் தொட்டுப் பார்ப்பாள். வேண்டுவதும் தன் வேலை, பார்ப்பதும் தன் வேலை என்று இருந்தாள். எதையும் கடவுள் தலையில் கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனதில்லை.

கும்பிடும் வண்டியை முதலாளி வாங்கியபோதே அவள் சொன்னாள்.

"முதலாளி, இது பழைய வண்டி. தூக்குற சிலிண்டர்ல எண்ணெயை அடைச்சு வைக்கிற ரப்பர் சீல் தேஞ்சு போச்சு. உள்ள எண்ணெய் நிக்க மாட்டேங்குது. அதான் தூக்கி வச்சது தானா இறங்குது. சூடானா எண்ணெய் இளகும், இன்னும் வேகமா இறங்கும். சீலை மாத்திடலாம்."

"மாத்தினா கும்பிடுமா?"

"கும்பிடாதுங்க."

"அப்ப எதுக்கு மாத்தணும்?"



முதலாளியையும் சும்மா சொல்லக் கூடாது. மெக்கானிக் வந்தால் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு பில் கொடுப்பான். நாடி ஐயா வந்தால் சிரித்த முகமாக ஆசி கொடுப்பார். வண்டியை வாங்கச் சொன்னவரும் அவரே. "விற்பனைக்கு நின்ன நாலு வண்டிக்கும் நாடி பார்த்தேன். இது ஒண்ணுதான் என்னைப் பார்த்துக் கும்பிட்டது" என்று அவர் கை காட்டிய வண்டி அது. ஓட்டிப் பார்க்கவில்லை. சுமை ஏற்றிப் பார்க்கவில்லை. மரியாதை தெரிந்த வண்டி என்று வாங்கிவிட்டார்கள்.

அந்த வண்டியின் ஓட்டுநர் அக்காவின் சொந்தத் தம்பி.

கொஞ்ச நாள் முன்பு அவன் ஒரு சுமையைத் தூக்கி நிறுத்திவிட்டு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுமை தானாக இறங்கி அடுக்கின் விளிம்பில் இடித்தது. பெட்டிகள் சரிந்து ஒரு சுமையாளின் கால் நசுங்கியது. அன்றிலிருந்து தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த ஆள் கட்டிலருகே போய் உட்கார்ந்துவிட்டு, பேச வாய் வராமல் திரும்பி வருவான்.

நாடி ஐயா இந்தப் புண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்.

"வண்டிக்கு உன் மேல கோபம்ப்பா. கோபம் தீரணும்னா வெறும் ஆசி போதாது. சுமையோட ஆசி வாங்கணும். ஒரு பலகை நிறைய டைல்ஸ் மேல இருக்கணும், நீ கீழ நிக்கணும். வண்டி உன்னை ஏத்துக்கும்."

எல்லார் முன்னாலும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். முதலாளி நாளே குறித்துவிட்டார். அன்றைக்கு ஆசி முடிந்த கையோடு, இன்னும் இரண்டு கும்பிடும் வண்டிகளுக்கு முன்பணம் கொடுப்பதாகவும் ஏற்பாடு.

அக்கா தம்பியைக் கேண்டீன் மூலைக்கு இழுத்துப் போனாள்.

"டேய், மேல இருக்கறது ஒரு டன். உச்சந்தலையைத் தொட்டுட்டு நின்னுடும்னு எவன்டா சொன்னான்?"

"ஐயா சொன்னார்."

"ஐயாவை ஒருதரம் நிக்கச் சொல்லேன்."

"உனக்கு நம்பிக்கையே கிடையாதுக்கா."

"இருக்குடா, நிறையவே இருக்கு. பாரத்தைக் கடவுள் மேல போடுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. பாரத்துக்குக் கீழ போய் நில்லுன்னு யாரும் சொல்லல."

அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த ஆளோட கால் போச்சேக்கா. எனக்கும் ஏதாவது ஆனாத்தான் சரியா இருக்கும்போல தோணுது."

அக்கா அதற்கு மேல் வாதாடவில்லை. அவன் தட்டில் இருந்த ஆறிய சோற்றை எடுத்துவிட்டு, சூடாகக் கொஞ்சம் போட்டு முன்னால் வைத்தாள். இவனுக்குச் சொல் வேலைக்கு ஆகாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆசி நாளன்று கிடங்கில் எள் போட்டால் விழ இடமில்லை. நாடி ஐயா தம் மெத்தை நாற்காலியோடு வந்து இறங்கினார். அவர் எங்கே போனாலும் அந்த நாற்காலியும் கூடவே போகும். வண்டியை நன்றாகச் சூடேற்றி, டைல்ஸ் பெட்டிகள் அடுக்கிய பலகையை உயரத் தூக்கி, என்ஜினை அணைத்தாயிற்று. சாவி முதலாளி பையில்.

அக்கா பணிவாக முன்னே வந்தாள்.

"ஐயா தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. முதல்ல எல்லாரும் சூடா ஒரு டீ குடிங்க. என் செலவு."

ஓசி டீ என்றதும் கூட்டம் பக்தியை ஒத்திவைத்தது. ஐயாவும் எழுந்தார். எல்லாரையும் கேண்டீனுக்கு அனுப்பிவிட்டு, வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டினாள் அக்கா. கட்டுவதற்கு முன், நாடி ஐயாவின் நாற்காலியைச் சுமைக்கு நேர் கீழே நகர்த்திவைத்தாள். மெத்தையையும் தட்டி நேராக்கினாள், உட்காரப் போகிறவருக்கு உறுத்தக் கூடாது பாருங்கள். பிறகு அவளும் டீ குடிக்கப் போனாள்.

டம்ளர் பாதி காலியாகும்போது கேட்டது: கிறீச்... மடார்!

ஓடி வந்து பார்த்தார்கள். மணி ஆட்டாமல், முணுமுணுக்காமல், வெறும் கிடங்கில் வண்டி கும்பிட்டிருந்தது. கும்பிட்ட கும்பிடில் நாற்காலியின் நாலு காலும் நாலு திசைக்குப் பறந்திருந்தன. மெத்தை பலகைக்கு அடியில் அப்பளமாகக் கிடந்தது.

நாடி ஐயாதான் முதலில் சமாளித்தார். பிழைப்புத் தெரிந்தவர்.

"என் நாற்காலியில என் சக்தி தங்கியிருக்கு. அதான் அதைக் கும்பிட்டிருக்கு."

கூட்டம் "ஆகா!" என்றது.

"சரிங்க ஐயா" என்றாள் அக்கா. பலகையை மறுபடி தூக்கி என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, தரை துடைக்கும் வாளியைக் கொண்டுவந்து சுமைக்குக் கீழே தள்ளினாள். எல்லாரையும் கயிற்றுக்கு வெளியே நிறுத்தினாள். "மணி அடிக்காதீங்க. சும்மா பாருங்க."

பார்த்தார்கள். சுமை நிதானமாக இறங்கி வந்து வாளியைக் கும்பிட்டது. அழுக்குத் தண்ணீர் நாலா பக்கமும் பீய்ச்சி முதலாளியின் செருப்பை நனைத்தது.

"வாளியிலயும் சக்தியாக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு சுமையாள் கேட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் பக்கத்திலிருந்தவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

"வாளி தினமும் உழைக்குது, ஒரு கும்பிடு போடலாம், தப்பில்ல" என்றாள் அக்கா. "ஐயா, அதோ மூலையில இன்னொரு வண்டி நிக்குது. மாசாமாசம் மெக்கானிக் பார்க்கிற வண்டி. அதையும் அதே சுமையோட தூக்கி வைக்கிறோம். நீங்க கொஞ்சம் கும்பிட வைங்களேன்."

ஐயா மணியை ஆட்டினார். முணுமுணுத்தார். அந்த வண்டி அசையவில்லை. சத்தமாகச் சொன்னார். அசையவில்லை. கருவியை வைத்து நாடி பார்த்தார். வியர்வைதான் இறங்கியது. வண்டி விறைப்பாக நின்றது.

"அது நாத்திக வண்டி" என்று ஐயாவின் உதவியாளர் முனகினார்.

"இருக்கட்டும்யா. கும்பிடுற வண்டிகிட்டயே வருவோம்" என்றாள் அக்கா. கும்பிடும் வண்டியில் சுமையை மூன்றாம் முறை தூக்கச் சொன்னாள். கயிற்றை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் சொன்னாள்: "என் தம்பியை நிக்கச் சொன்னீங்க. பயப்படுறான், சின்னப் பையன். நீங்க முதல்ல நின்னு காட்டினீங்கன்னா அவனுக்குத் தைரியம் வரும். உங்களைத்தானே கும்பிடுது, உங்களை ஒண்ணும் செய்யாது. வாங்க."

நாடி ஐயா மேலே பார்த்தார். ஒரு டன் டைல்ஸ் இம்மி இம்மியாக இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தார். நசுங்கிய வாளி ஓரமாகக் கிடந்தது. அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே பின்னால் போயின. தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி, பக்தர்களைத் தாண்டி, கதவுவரை போயின.

வண்டியின் சுமை இறங்கியதைவிட வேகமாக அவர் போனார்.

தம்பி அதைப் பார்த்தான். பிறகு தான் நிற்க வேண்டியிருந்த இடத்தைப் பார்த்தான். சுமை தரையில் 'தொப்' என்று உட்கார்ந்தபோது அவன் கயிற்றிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தான்.

கதவருகே கூட்டம் ஐயாவைப் பிடித்துக்கொண்டது. முட்டியில் எண்ணெய் தேய்த்த லாரி ஓட்டுநர் கையை ஓங்கினார். இதுவரை கும்பிட்ட கைதான் அது. கும்பிடும் கைக்கும் அடிக்கும் கைக்கும் நடுவே யோசிக்கும் கை என்று ஒன்று சிலருக்கு முளைப்பதே இல்லை.

"நிறுத்துங்க!" அக்கா குறுக்கே புகுந்தாள். "அடிச்சா சீல் சரியாகுமா? உட்காருங்கய்யா. யாராவது தண்ணி கொடுங்க."

நசுங்கிய வாளியையே கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தார்கள். நாற்காலிதான் இல்லையே. அவள் நீட்டிய தண்ணீரை இரண்டு கையாலும் வாங்கி மடமடவென்று குடித்தார். அவருக்கு இத்தனை நாளில் யாரும் எதுவும் எதிர்பார்க்காமல் கொடுத்தது அந்தத் தண்ணீர்தான் போலும். குடித்து முடித்ததும் பொய் சொல்லத் தெம்பில்லை.

"பழைய வண்டி விக்கிற யார்டு என் மச்சானோடது" என்றார். "சீல் போன வண்டியை யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க. மாத்துறதுக்கும் அவனுக்கு மனசு இல்ல. கும்பிடுதுன்னு சொன்னா நல்ல வண்டி விலையை விட அதிகமாவே வாங்கிட்டுப் போறாங்க."

முதலாளி எங்கோ பார்த்தார். செருப்பு இன்னும் ஈரமாக இருந்தது.

"அப்ப என் முட்டி?" என்றார் லாரி ஓட்டுநர்.

"அது வண்டி எண்ணெய் அண்ணா. சோப்புப் போட்டுக் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க" என்றாள் அக்கா. கணக்காளர் யாரும் பார்க்காமல் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் தம்பி அவளருகே வந்தான்.

"அன்னைக்குச் சுமையை இறக்கினது நீ இல்லடா" என்றாள் அக்கா. "இதே சீல்தான். நானும் இன்னும் உரக்கக் கத்தியிருக்கணும். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேருமே போவோம். என்ன நடந்துச்சுன்னு அந்த ஆளுக்கும் தெரியட்டும்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்திலேயே நின்றாள்.

மெக்கானிக் வந்தான். சீலை மாற்றினான். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு பில் கொடுத்தான். அவனைவிட அதிகமாக மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு முதலாளி பணம் கொடுத்தார். சுமையை ஏற்றித் தூக்கி நிறுத்திப் பார்த்தார்கள். உணவு இடைவேளை முடிந்து வந்தபோதும் அது நிறுத்திய இடத்திலேயே நின்றது.

அடுத்த வாரம் வேறு ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கையில் பூவும் காலிப் புட்டிகளும். வண்டியின் கீழே பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, இங்க ஒரு வண்டி கும்பிடுமாமே, எங்க?"

"இதாங்க."

"கும்பிடக் காணோமே! சக்தி போயிடுச்சா?"

"சக்தி போகலீங்க. நோய் போயிடுச்சு" என்றான் அவன், கையைத் துடைத்துக்கொண்டே. "வண்டிக்குக் குணமாகிடுச்சு. இனி நாமதான் பாக்கி. நமக்கு மெக்கானிக் வர மாட்டான். நம்ம மூளையை நாமதான் திறந்து பார்க்கணும்."