புருல்கான் டீச்சர் துப்பினாரா?

நாரின்,
ஜனவரி 19

அன்பு மச்சான் மிர்லானுக்கு,

அத்தான் சகின்பெக் எழுதுகிறேன். முறைப்படி உன் ஆடு மாடுகளின் சுகத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். பிஷ்கெக்கில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறவனுக்கு ஆடு ஏது, கார் சுகம்தானே? இங்கே நானும் உன் அக்கா சல்கினாயும் நலம். குளிர் மைனஸ் இருபத்தாறு. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய். போனில் என்றால் நடுவே புகுந்து "நான்தான் அப்பவே சொன்னேனே அத்தான்" என்பாய். காகிதத்தில் அது நடக்காது.

நீ டாக்சி டிரைவரிடம் கொடுத்தனுப்பிய மிரர்லெஸ் கேமராவைத் திருப்பி அனுப்புகிறேன். காரணத்தைப் பொறுமையாகப் படி.

வந்த அன்றே லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தேன். என் டி.எஸ்.எல்.ஆரில் பதினோரு வருஷமாகப் பார்த்துப் பழகிய அந்தச் சின்னக் கண்ணாடியைக் காணோம். டாக்சி டிரைவர்தான் வழியில் கீழே போட்டு உடைத்துவிட்டான் என்று நடுத்தெருவில் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். உன் அக்கா ஓடி வந்து, "கண்ணாடி இல்லாததுனாலதான் அதுக்கு அந்தப் பேரு, விடுங்க அவனை" என்றாள். அவனுக்குத் தேநீரும் எண்ணெயில் பொரித்த போர்சோக்கும் கொடுத்துச் சமாதானம் செய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று.

அப்புறம் புருல்கான் டீச்சர் மகன் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப் போனேன். ஊருக்கே கணக்கு சொல்லிக் கொடுத்த அந்த அம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பது உனக்கே தெரியும், நீயும் அவர் கையால் காது திருகப்பட்டவன்தானே. உன் கேமராவில் பொத்தான் எது, மெனு எது என்று எனக்குப் பிடிபடாததால் அதை ஸ்டாண்டில் மாட்டி ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு, என் பழையதைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். மாமியார் மருமகளுக்குத் தோடு போடுகிற சடங்கு ஆரம்பிக்கவும் கரண்ட் போயிடுச்சு. அடுப்பு இல்லாத அறை, ஒரே ஒரு விளக்கு. நான் என்னத்த எடுத்தேன்னு எனக்கே தெரியல. உன் கேமராவுல ஒரு சத்தமும் வரல, அது செத்துப் போச்சுன்னே நினைச்சேன். உன் அக்காதான் அதை ஓட விட்டு, பேட்டரியைக் கோட்டுக்குள்ள வச்சுச் சூடு பண்ணி மாத்தி மாத்திப் போட்டிருக்கா.

மூணாம் நாள் பொண்ணோட அம்மா தமாரா, புருல்கான் டீச்சர் வீட்டு வாசல்ல வந்து நின்னு மாப்பிள்ளைகிட்ட கத்தினா. "என் பொண்ணு பெகிமாய் காதுல உங்க அம்மா துப்பினா. தோடு போடுற சாக்குல முணுமுணுன்னு திட்டிக்கிட்டே துப்பினா. நான் என் கண்ணால பார்த்தேன். பொண்ணை அனுப்புங்க, கிளம்புறோம்!" மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போச்சு. பெகிமாய் அழுகை. டீச்சர் நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசல. எல்லாரும் என்னைக் கூப்பிட்டு, வீடியோவைப் போடுன்னாங்க.

போட்டேன். என் பழையது எடுத்ததை டிவியில பார்த்தா, மச்சான், படம் பூரா எறும்பு ஊருற மாதிரி புள்ளி. போகஸ் டீச்சர் மூஞ்சிக்குப் போகுது, திரைச்சீலைக்குப் போகுது, திரும்பி வருது. லென்ஸ் மோட்டார் கிர் கிர்ங்குற சத்தத்துல பேச்சே கேக்கல. டீச்சர் வாய் குவியுது, அவ்வளவுதான் தெரியுது. சத்தியமா துப்புற மாதிரியேதான் இருந்துச்சு. "பார்த்தீங்களா!"ன்னு தமாரா குதிக்கிறா.

உன் அக்கா மெதுவா, "என் தம்பி கேமராவுல இருக்கிறதையும் போடுங்க"ன்னா.

போட்டேன். அதே விளக்குதான்டா, அதே இருட்டுதான். ஆனா பொண்ணோட முக்காட்டுக் குஞ்சத்துல இழை இழையா நூல் தெரியுது, ஜன்னல் பனியில விளக்கு மின்னுது. மெதுவா ஓட்டிப் பார்த்தேன். டீச்சர் வெள்ளித் தோட்டைக் கையில எடுக்குறாங்க. வாயைக் குவிச்சு அதுமேல ஊதுறாங்க. மூச்சு வெள்ளையா புகை மாதிரி போய்த் தோட்டைச் சுத்துது. மூணு தடவை. அப்புறம் அதைத் தன் கன்னத்துல வச்சுப் பார்த்துட்டு, "குளிருமேடி கண்ணு"ன்னு சொல்லி, அதுக்கப்புறம்தான் அந்தப் பொண்ணு காதுல மாட்டுறாங்க.

தமாரா அப்படியே உட்கார்ந்துட்டா. "ஏன் சம்பந்தி, வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

டீச்சர், "துப்புனியான்னு கேக்குற வீட்டுல, ஊதினேன்னு நான் சாட்சி வேற சொல்லணுமா?"ன்னாங்க. பெகிமாய் எழுந்து போய்த் தேநீர் ஊத்தி, தன் அம்மாவைத் தாண்டி, மாமியார் கையில கொடுத்தா.

மச்சான், அன்னைக்கு நானும் அங்கேதான் நின்னேன், என் கண்ணுக்குத் தெரியல. (நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்கிறதையும் உன் கேமரா ஓரத்துல பிடிச்சு வச்சிருக்கு. ஒரு கையில டி.எஸ்.எல்.ஆர்., இன்னொரு கையில டாக்டர் தொடவே கூடாதுன்ன குதிரைக் கொழுப்பு அடைச்ச காஸி, மூணு துண்டு. உன் அக்கா டிவி முன்னாடியே எண்ணிட்டா.) பதினோரு வருஷத்துல எத்தனை கல்யாணத்துல எத்தனை பேரு ஊதினாங்களோ, எத்தனை பேரை நான் துப்ப வச்சேனோ.

ஆகவே, இப்படிப்பட்ட ஒரு கண் என்னைப் போன்ற சாதாரண ஆளின் வீட்டில் இருக்கக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். உன்னிடமே பத்திரமாக இருக்கட்டும். என் பழையது எனக்குப் போதும். உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன் காருக்குச் சறுக்காத சாலை அமையட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான் சகின்பெக்

பி.கு.: பெட்டியைத் திறந்தால் உள்ளே என் பழைய டி.எஸ்.எல்.ஆர்.தான் இருக்கும், பதறாதே. நாளைக்கு ஒரு தொட்டில் விழா. பிறந்து நாற்பது நாளான குழந்தை. அதன் இமை முடியை உன் கேமராவில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று இருக்கிறேன். அடுத்த வாரம் இரண்டு கல்யாணம், மார்ச்சில் ஐந்து. இரண்டு பேட்டரி போதவில்லை, இன்னும் நான்கு அனுப்பு.