புகைக்கு நட்ட கதியால்கள்

நடந்தது இவ்வளவுதான்:

1. எங்கள் ஊர் எஞ்சின் கரும்புகை கக்கியது.
2. அந்தப் புகைக்கு ஈடாக, கறண்ட் எடுக்கும் வீட்டார் விரும்பினால் மரம் நடலாம் என்று நான் ஒரு திட்டம் கொண்டுவந்தேன்.
3. ஒரு வீடு விடாமல் எல்லோரும் விரும்பினார்கள்.
4. புகை கூடியது.
5. ஊர் இருண்டது. எனக்கு வேலை போனது.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே நாளில் ஒன்றை விரும்பினால் அதில் எங்கேயோ காணி சம்பந்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். (தொழில்நுட்பக் கல்லூரியில் இதைப் படிப்பிப்பதில்லை.)

தொண்ணூறாம் ஆண்டில் சண்டை மூண்ட பிறகு வன்னியில் கறண்ட் என்பது, மூலையில் கிடக்கும் மின்விசிறியைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்கிற ஒன்றாகிவிட்டது. முரசுமோட்டைக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே இருந்த எங்கள் சின்ன ஊரில், ஆட்கள் சங்கமாகச் சேர்ந்து, மூடிக்கிடந்த அரிசி ஆலை ஒன்றின் எஞ்சினை வாங்கினார்கள். அது டீசல் எஞ்சின். பொருளாதாரத் தடையில் டீசல் வராது. ஆகவே மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து ஓட்டினோம். பொழுதுபட்டால் ஊர் முழுக்க யாரோ வடையைக் கருக விட்டதுபோல மணக்கும். ஆனால் வீடுகளில் வெளிச்சம் இருக்கும்.

அந்த எஞ்சினுக்குப் பொறுப்பாக என்னைப் போட்டார்கள். அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். அப்பா இல்லை. அம்மாவும் நானும் சாப்பிடுவது இந்தச் சம்பளத்தில்தான். முதல் நாளே சங்கத் தலைவர் பரமலிங்கம் ஐயா என்னைக் கதிரையில் இருத்திச் சொன்னார்:

"பிள்ளை, ஆக்கள் கறண்ட் எடுக்குமட்டும்தான் எஞ்சின் ஓடும். எஞ்சின் ஓடுமட்டும்தான் உமக்கு வேலை. விளங்குதோ?"

"ஓம் ஐயா."

விளங்கியது. ஆகவே நாகேஸ்வரியக்கா எஞ்சின் கொட்டில் வாசலில் வந்து நின்றபோது என் கதிரையை அவாவுக்கு இழுத்துப் போட்டேன். கொட்டிலுக்குப் போகும், ஒரு வண்டில் அகலமே உள்ள ஒழுங்கையின் வலப்பக்கக் காணி அவாவுடையது. ஊருக்குப் போகிற தாய்க் கம்பி அவாவின் வேலியோடுதான் போனது.

"வெள்ளைச் சீலையைக் காயப் போட்டுச் சாம்பல் சீலையா எடுக்கிறன். எனக்குக் கறண்டும் வேண்டாம், உம்மட கம்பியும் வேண்டாம். கழட்டும்."

கழற்றினால் ஊர் முழுக்க இருட்டு. இரண்டு நாள் தவணை கேட்டேன். அந்த இரண்டு நாளில்தான் வானொலி கேட்டேன். (சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ஒரு கையால் சுற்றிக்கொண்டு கேட்பது. கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும்.) வெளிநாடுகளில் மின்சாரம் வாங்கும் பாவனையாளர்கள், அந்த மின்சாரம் உண்டாக்கும் புகைக்கு ஈடாகத் தாங்களே விரும்பி மரம் நடுவிக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். கட்டாயம் இல்லையாம். என் கை ஓயும்வரை கேட்டேன். மிச்சத்தை நானே யோசித்துக்கொண்டேன். கேடு அந்த மிச்சத்தில்தான் இருந்தது.

சங்கக் கூட்டத்தில் எழுந்து விளக்கினேன். மரம் புகையில் உள்ள கரியை உறிஞ்சும் என்றேன். ஒழுங்கையின் இடப்பக்கக் காணிக்காரர் சின்னராசா அண்ணை கை உயர்த்தினார்.

"மரம் புகை குடிக்குமோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை."

"அப்ப எங்கட குசினிப் புகைபோக்கிக்குப் பக்கத்தில நிண்ட முருங்கை ஏன் பட்டுப்போனது?"

"அது கூடக் குடிச்சிருக்கும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

விதிகளைப் பலகையில் எழுதினேன். ஒரு பல்புக்கு ஒரு மரம். விரும்பியவர்கள் மட்டும். எங்கே நடுவதென்பது அவரவர் விருப்பம். கணக்கில் சேர்ந்த மரத்தை யாரும் பிடுங்கக் கூடாது. நட்டு முடித்த வீட்டின் வாசற்படலையில் தகரத்தில் வெட்டிப் பச்சை பூசிய ஒரு வட்டம் தொங்கும்: 'புகை தீர்த்த வீடு'. பிடுங்கக் கூடாது என்ற விதியை எழுதியபோது நாகேஸ்வரியக்காவும் சின்னராசா அண்ணையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து இருந்ததை நான் கண்டேன். அக்கறை என்று நினைத்தேன்.

மழை விழுந்து மூன்றாம் நாள் தகர வட்டங்களோடு சைக்கிளில் புறப்பட்டேன். ஊர் முழுக்க நட்டிருந்தார்கள். வேம்பு இல்லை, தேக்கு இல்லை, மா இல்லை. எல்லாம் பூவரசங் கதியால்.

கதியால் என்பது வேலிக்கு ஊன்றும் பச்சைத் தடி. மழைக்கு ஊன்றினால் வேர்விட்டு மரமாகிவிடும். எங்கள் பக்கத்தில் ஒருவர் பழைய வேலிக்கு ஒரு சாண் வெளியே கதியால் ஊன்றினால் அந்த ஒரு சாண் அவருடையது. மற்றவர் விடியமுன் எழும்பி அதைப் பிடுங்கி எறிவார். இவர் திட்டுவார், அவர் திட்டுவார், வேலி பழைய இடத்திலேயே நிற்கும். தலைமுறை தலைமுறையாக எங்கள் காணிகளின் எல்லையைக் காத்தது நேர்மை அல்ல, இந்தப் பிடுங்கல்தான். எஞ்சினுக்கு ஒரு கவர்னர் உண்டு. வேகம் கூடினால் எண்ணெயைக் குறைத்து அடக்கும். நான் எஞ்சினின் கவர்னரை ஒழுங்காகப் பராமரித்தேன். ஊரின் கவர்னரைக் கழற்றி எறிந்துவிட்டேன். அதுவும் பலகையில், என் கையெழுத்தில்.

சின்னராசா அண்ணை ஒழுங்கைக்குள் ஒரு சாண் தள்ளி நட்டிருந்தார்.

"மூண்டு பல்ப், ஒரு டியூப் லைட். டியூப் நீளம்தானே, அதுக்கு ரெண்டு நட்டிருக்கிறன். எங்க தங்கச்சி தகரம்?"

கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அவர் ஐந்து மரம் நட்ட மனிதர். ஒழுங்கையைத் தாண்டி நாகேஸ்வரியக்கா காத்திருந்தா. அவாவின் கதியால்கள் ஒழுங்கைக்குள் ஒரு முழம் வந்திருந்தன.

"அக்கா, இது ஒழுங்கையெல்லோ?"

"ஒழுங்கை என்ர அப்பா விட்ட காணி. அது கிடக்கட்டும். ஆட்டுக் கொட்டிலுக்கு ஒரு பல்ப் போட்டு விடும்."

"ஆட்டுக்கு என்னத்துக்கு அக்கா வெளிச்சம்?"

"அது படிக்கட்டும். நீர் போடும்."

பல்ப் கூடினால் நடக்கூடிய கதியாலும் கூடும். இதைக் கண்டுபிடித்தது அவாதான். ஆனால் அவா வெகுநாள் தனியாக இருக்கவில்லை. கோழிக்கூட்டுக்குப் பல்ப். கிணற்றடிக்குப் பல்ப். சின்னராசா அண்ணை வைக்கோற் போருக்கே ஒன்று கேட்டார். (நெருப்புப் பிடிக்கும் என்று மறுத்தேன். அந்தத் திட்டத்தில் நான் எடுத்த ஒரே சரியான முடிவு அது.) தலைவர் ஐயா பூரித்துப் போனார். "பிள்ளை வந்தாப் பிறகு சங்கம் எழும்பிட்டுது" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். சுமை கூடக்கூட எஞ்சின் முக்கியது. பல்புகள் தூதுவளம்பழ நிறத்தில் மங்கி எரிந்தன. புகை முன்பைவிட இரண்டு மடங்கு தடிப்பாக எழுந்து, பச்சைத் தகரங்களின் மேல் படிந்து, அவற்றையும் கறுப்பாக்கியது.

அப்படியே விட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன். மண்ணெண்ணெய் வந்தது.

அந்த மாதத்துக்கு எங்களுக்கு அனுமதித்த ஒரேயொரு பீப்பா. தலைவர் ஐயா அலைந்து அலைந்து எடுத்தது. மாட்டு வண்டில் ஒழுங்கை வாய்க்கு வந்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் துளிர்விட்ட பூவரசுகள் நெருங்கி நின்றன. சைக்கிள் போகும். வண்டில் போகாது.

"ஒரு பக்கத்தைப் பிடுங்குவம்" என்றார் தலைவர் ஐயா.

"பிடுங்கக் கூடாதெண்டு பிள்ளையின்ர கையெழுத்தில கிடக்கு" என்றா வலப்பக்கம் நின்ற நாகேஸ்வரியக்கா.

"ஓம், கிடக்கு" என்றார் இடப்பக்கம் நின்ற சின்னராசா அண்ணை. அந்த வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

வாளியில் அள்ளிக் கொண்டுபோகலாம் என்றார் ஐயா. அந்த வாளியிலிருந்து எத்தனை வீட்டு மண்ணெண்ணெய் விளக்குகள் வழியிலேயே நிரம்பும் என்று நான் யோசித்தேன். பீப்பா உருளை வடிவம். உருளை உருளும். இதற்குத்தானே படித்தேன்.

"இறக்குங்கோ. உருட்டுவம்" என்றேன்.

உருண்டது. அழகாக உருண்டது. ஒழுங்கையின் பாதிவரை. அங்கே கதியால்கள் இன்னும் நெருங்கியிருந்தன. பீப்பாவின் ஒரு முனை நாகேஸ்வரியக்காவின் கதியாலில் இடிக்க, மூடி தளர்ந்தது. மற்ற முனை சின்னராசா அண்ணையின் கதியாலில் இறுகியது. மண்ணெண்ணெய் ஒழுகத் தொடங்கியது. நிமிர்த்தினால் போதும். நிமிர்த்த இடமில்லை.

"ஒரு கதியாலைப் பிடுங்குங்கோ" என்று கத்தினேன்.

"எந்தப் பக்கம்?" என்றா நாகேஸ்வரியக்கா.

"எந்தப் பக்கம்?" என்றார் சின்னராசா அண்ணை.

ஊர் முழுக்க என் வாயைப் பார்த்தது. நான் ஒரு பக்கத்தைச் சொன்னால் அது ஒரு தடியைப் பற்றிய சொல் அல்ல, காணித் தீர்ப்பு. மற்றப் பக்கம் கறண்டைக் கழற்றும். தாய்க் கம்பி ஒரு பக்கம், பாதி ஊருக்குப் போகும் கிளைக் கம்பி மறுபக்கம். நான் வலத்தைப் பார்த்தேன். இடத்தைப் பார்த்தேன். நடுவில் பீப்பா ஒரு சீரான சத்தத்தோடு காலியாகிக்கொண்டிருந்தது. கடைசியில் நானே குனிந்து, கையில் அகப்பட்ட ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நன்றாக வேர் பிடித்திருந்தது. திட்டத்தில் அது ஒன்றுதான் ஒழுங்காக நடந்திருந்தது.

மண் எல்லாவற்றையும் குடித்து முடித்த பிறகு நாகேஸ்வரியக்கா அமைதியாகச் சொன்னா:

"புகை குடிக்குமெண்டுதானே பிள்ளை சொன்னனீர். இது எண்ணெயுமெல்லோ குடிக்குது."

அன்று பொழுதுபட்டபோது வடை கருகும் மணம் இல்லை. நான் கொட்டிலுக்குள் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கத் தேவை இருக்கவில்லை. தலைவர் ஐயா வந்து வாசலில் நின்றார்.

"உம்மில பிழை சொல்லேல்லைப் பிள்ளை. எஞ்சின் நிண்டிட்டுது. அவ்வளவுதான்."

அடுத்த மாதம் அனுமதி கிடைக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. எஞ்சினை வேறொரு ஊர் அரிசி ஆலைக்குக் கொடுத்தார்கள். அம்மா அப்பம் சுட்டு விற்கத் தொடங்கினா. நான் அடுப்பு ஊதினேன். டிப்ளோமா படித்த பிள்ளை ஊதுவதால் அப்பம் சீராக வேகிறது என்று ஆட்கள் சொன்னார்கள். பிறகு சண்டை நெருங்கி, ஊரே மூட்டை முடிச்சோடு எழும்பியது. காணியை விட்டு, வேலியை விட்டு, ஒழுங்கையை விட்டு, எல்லோரும்.

இன்றைய நிலை இது. நாங்கள் துணுக்காய்ப் பக்கம், இடம்பெயர்ந்தோருக்கான ஒரு நீளக் கொட்டிலில் இருக்கிறோம். நாகேஸ்வரியக்கா குடும்பத்துக்கும் சின்னராசா அண்ணை குடும்பத்துக்கும் நடுவே ஒரு சீலைதான் மறைப்பு. அது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் போவதில்லை. வானொலிகள் திருத்துகிறேன், பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். பொழுதுபட்டால் ஜாம் போத்தலில் திரி போட்டுக் கொளுத்துகிறேன். தினமும் அதே நேரத்தில் அம்மா கேட்பா, "இதுக்கு எங்க பிள்ளை மரம் நடப்போறாய்?" கொட்டில் முழுக்கச் சிரிக்கும், சீலையின் இரண்டு பக்கமும். ஊருக்கு இன்னும் திரும்பிப் போக முடியவில்லை. அந்த ஒழுங்கை இப்போது எவ்வளவு அகலம் என்று ஒருவருக்கும் தெரியாது.