முக்கால் டாக்டரும் ஐந்தில் இரண்டும்

நானுஓயாவிலிருந்து உடப்புசல்லாவை வரை தேடினால் சிறுத்தைக்குப் பயப்படாதவர்கள் கிடைப்பார்கள். தோட்டத்துத் துரைக்குப் பயப்படாதவர்கள்கூட ஓரிருவர் உண்டு. முக்கால் டாக்டருக்குப் பயப்படாதவர் என்று ஒருவர்கூட இருந்ததில்லை. காய்ச்சலோடு அவரிடம் போனவர்களில் பாதிப்பேர் வரிசையில் நிற்கும்போதே குணமாகி லயத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கலந்து கொடுப்பவர் அவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. "முழு டாக்டர் நுவரெலியாவுல இருக்காரு. நான் முக்கால்தான்" என்று அவரே சொல்லப்போய் அதுவே பெயராகிவிட்டது. கறுப்புக் கோட்டு, கழுத்தில் கம்பளித் துண்டு, கையில் எப்போதும் ஒரு சுண்ணக்கட்டி. மருந்துச்சாலைக் கதவுதான் அவருடைய கரும்பலகை. வயிற்றுவலியில் சுருண்டு நிற்பவரிடம், "எட்டுல ஆறு எவ்வளவு? சுருக்கிச் சொல்லு, மருந்து தர்றேன்" என்பார். சொல்லத் தெரியாதவர் வலியோடு கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். "சுருக்காத பின்னம் என் கதவுல நிக்கக்கூடாது" என்பது அவருடைய சட்டம்.

ஒருமுறை எங்கள் லயத்துக் கங்காணிக்கு மலச்சிக்கல். முக்கால் டாக்டர் ஒரு பாட்டிலில் பேதி மருந்தை ஊற்றி, ஆறு பங்குக்கு அடையாளமாக வெட்டிய காகிதப் பட்டையை அதன் பக்கத்தில் ஒட்டி, "ஆறுல ரெண்டு குடிங்க" என்றார். உடனே முகத்தைச் சுளித்து, "சே, மூணுல ஒண்ணு குடிங்க" என்று திருத்தினார். கங்காணிக்குப் பயம், டாக்டர் சொன்னதில் எதையாவது விட்டுவிட்டால் என்ன ஆகுமோ என்று. ஆறில் இரண்டையும் குடித்தார். அதற்குமேல் மூன்றில் ஒன்றையும் குடித்தார். மூன்று நாள், காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் ஆளைக் காணோம். நான்காம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பாட்டிலை நீட்டினார்.

முக்கால் டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ரெண்டையும் கூட்டினா மூணுல ரெண்டு. ஒங்க கணக்கு சரியாத்தான் இருக்குங்க கங்காணி. வயிறுதான் தப்பு."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். நுவரெலியாவில் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு படித்தபோது, பின்னம் சுருக்குவதில் வகுப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை. லீவுக்கு லயத்துக்கு வந்தால் அந்தத் திமிரோடுதான் நடப்பேன். அப்படி ஒரு லீவில், பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுக்கும் நாள் வந்தது.

விடிந்ததும் வெறும் வயிற்றோடு பிள்ளைகள் மருந்துச்சாலை முன்னால் குளிரில் நின்றார்கள். பக்கத்தில் மேசை போட்டு, பெயர்ப் புத்தகத்தை விரித்துக் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

"டவுன் பள்ளிக்கூடத்துப் புள்ளதானே நீ? வா, கணக்குப் போடு" என்று முக்கால் டாக்டர் சுண்ணக்கட்டியை என்னிடம் தந்தார்.

கணக்கு இதுதான். பிள்ளையின் வயதை மேலே வைத்து, அதோடு பன்னிரண்டைக் கூட்டிக் கீழே வைக்க வேண்டும். நாலு வயதென்றால் பதினாறில் நாலு, அதாவது கால். பெரியவர்கள் குடிப்பதில் கால் பங்கு. மருந்துக் கிளாசில் இருபது கோடு. கால் என்றால் ஐந்து கோடு. மனசுக்குள் சுருக்கி, விடையை மட்டும் கதவில் எழுத வேண்டும். தாய்மார்கள் வயதைச் சொல்லச் சொல்ல நான் எழுதித் தள்ளினேன். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

அம்மா என் தங்கை ராசாத்தியோடு முன்னால் வந்தாள்.

"வயசு?"

"பன்னெண்டுங்க ஐயா."

என் கை நின்றுவிட்டது. ராசாத்திக்கு எட்டு வயது. நெட்டையாக வளர்ந்திருந்ததால், சீக்கிரம் கொழுந்து பறிக்கப் பேர் பதியலாம் என்று அப்பா கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் பன்னிரண்டு என்று எழுத வைத்திருந்தார். எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான் செய்வார்கள். பன்னிரண்டுக்கு அரைப் பங்கு, பத்துக் கோடு. எட்டுக்கு ஐந்தில் இரண்டு, எட்டுக் கோடுதான். போன தடவை மருந்து இரண்டு கோடு கூடிப்போய், மேல் லயத்துப் பிள்ளை ஒன்று கண் செருகி விழுந்ததை நான் பார்த்திருந்தேன்.

வாயைத் திறந்தால் கணக்கப்பிள்ளை பேரை வெட்டுவார், அப்பாவும் மாட்டிக்கொள்வார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அவள் பயமும் தெரிந்தது. கதவில் ஐந்தில் இரண்டு என்று எழுதினேன்.

"பன்னெண்டுக்கு அரைதானே?" என்றார் முக்கால் டாக்டர்.

அவர் கதவருகே போய் முணுமுணுக்கத் தொடங்கினார். "அஞ்சுல ரெண்டு... பத்துல நாலு... பதினஞ்சுல ஆறு... இருபதுல..."

அங்கே நிறுத்தினார். ராசாத்தியின் பால்பல் விழுந்து பாதி முளைத்திருந்த முன்வரிசைப் பற்களைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை பேனாவைத் தூக்கிவிட்டார்.

"என்னாங்க, கணக்குல ஏதும் கோளாறா?"

"கோளாறுதான்!" முக்கால் டாக்டர் என் பக்கம் திரும்பிக் கத்தினார். "டவுனுக்குப் போய் இதத்தான் படிச்சியா? பன்னெண்டுக்கு அரைன்னு தெரியல, நீயெல்லாம் ஒரு படிச்ச புள்ள! மண்டு! போடி அந்தப் பக்கம்!"

வரிசை முழுதும் சிரித்தது. அவர் என் விடையைக் கோட்டுக் கையால் அழித்து, பெரிதாக அரை என்று எழுதினார். கணக்கப்பிள்ளை தலையாட்டிவிட்டு அடுத்த பேருக்குப் போனார்.

பிறகு முக்கால் டாக்டர் முதுகால் எல்லோர் கண்ணையும் மறைத்துக்கொண்டு கிளாசில் மருந்தை ஊற்றினார். அவர் துரத்திய பக்கத்திலிருந்து நான் கோடுகளை எண்ணினேன். எட்டாவது கோட்டில் கை நின்றது.

அதற்குப் பிறகு எத்தனையோ பரிசு வாங்கிவிட்டேன். அன்று அத்தனை பேர் முன்னால் மண்டு என்று அவர் திட்டியதைத்தான் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.