முழங்கால் பட்டதா?

மீசையை எடுத்த பிறகுதான் வெர்லனுக்குத் தன் தவறு உறைத்தது. கண்ணாடியில் தெரிந்தது சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போகிற மனிதர் அல்ல. அலபாமாவில் பாதி சனம் இன்றும் கரித்துக் கொட்டுகிற அந்தக் கல்லூரிக் கால்பந்து நடுவர். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. அடையாளம் தெரியாமல் இருக்கத்தான் முப்பது வருடத்துக்கு முன்பு அந்த மீசையையே வளர்த்தார். விருந்துக்குப் பளிச்சென்று போக வேண்டும் என்ற பதற்றத்தில் அது மறந்துபோயிற்று.

மகள் கோரின் அதிர்ந்துபோனாள்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? எனக்கு மாமனாரா வரப்போறவர் யாருன்னு தெரியும்ல?"

தெரியாமல் என்ன? அன்று கேல்டன் கல்லூரி அணிக்கு ஆடிய ஹாய்ட் பிரஸ்லி. கடைசி நிமிடத்தில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தவர். கோட்டுக்கு முன்பே முழங்கால் தரையில் பட்டுவிட்டது, புள்ளி கிடையாது என்று விசில் ஊதியவர் வெர்லன். கேல்டன் தோற்றது. விஷயம் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து, கோரின் அப்பாவை வேறு பெயரில்தான் அறிமுகம் செய்திருந்தாள்.

விருந்தில் வான்கோழி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஹாய்ட் பேச்சை ஆட்டத்துக்குத் திருப்பினார். தப்பிக்கிற அவசரத்தில், தான் கால்பந்தே பார்ப்பதில்லை என்று வெர்லன் சொல்லிவிட்டார். கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அந்த ஊர் மன்னித்திருக்கும்.

"அப்ப மொதல்ல அந்த அநியாயத்தைப் பாருங்க சம்பந்தி" என்று ஹாய்ட் பழைய வீடியோவைப் போட்டார். அந்த வீட்டு வழக்கம் அது. வருடா வருடம் நன்றி கூறும் நாள் விருந்துக்கு முன்னால் ஜெபம், பின்னால் நடுவருக்குச் சாபம். முதல் திட்டைத் தொடங்கி வைக்கும் மரியாதை விருந்தாளிக்கு.

நடுவருக்குக் கண் கொஞ்சம் மங்கல் போலிருக்கிறது என்றார் வெர்லன்.

"இதெல்லாம் ஒரு திட்டா?" ஹாய்டின் பார்வையில் சந்தேகம் தட்டியது.

வேறு வழியில்லை. மைதானத்தில் அன்று தன் காதில் விழுந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார் வெர்லன். கோரின் விக்கித்துப் போனாள். ஹாய்டுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கட்டிக்கொண்டவர், அந்தப் பாவியின் மூஞ்சியையும் பாருங்கள் என்று படத்தை நிறுத்தினார்.

திரை முழுக்க வெர்லன். மீசையில்லாமல்.

மறைத்துவிடலாம் என்று பாய்ந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றார். இப்போது இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன.

"நான்தான். என்ன வேணா திட்டுங்க, பிள்ளைங்க கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா முழங்கால் பட்டுச்சு, ஹாய்ட். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ஹாய்டின் முகம் சிவந்தது. கோரின் கண்ணை மூடிக்கொண்டாள்.

காப்பி கொண்டுவந்த ஹாய்டின் மனைவி ஓப்பல்தான் தட்டை நிதானமாக வைத்துவிட்டுச் சொன்னார்:

"உக்காருங்க சம்பந்தி. உங்க பொண்ணு காட்டுன மொத போட்டோவுலயே நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷமா டிவியத் திட்டியே தொண்ட வறண்ட மனுஷன், நேர்ல திட்ட ஆள் கிடைக்குதேன்னுதான் இந்தக் கல்யாணத்துக்கே சம்மதிச்சாரு."